பெருந்தொற்றுக்குப் பின் பணியிடம் – 6: வாரத்துக்கு எத்தனை நாள்?

ஊரடங்கு முடிந்து அலுவலகங்கள் திறந்ததிலிருந்து மனிதவளத் துறைகளைப் படுத்தியெடுக்கும் கேள்வி, ஊழியர்களை வாரத்துக்கு எத்தனை நாள் வரச் சொல்வது என்பது. எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பயனில்லை என்பேன். யார் யார் சேர்ந்து வருகிறார்கள், வந்த நாளில் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஷாங்காயில் டிரிப்.காம் நிறுவனம் 2021-22இல் 1,612 ஊழியர்களைக் கொண்டு ஆறு மாதம் ஒரு சோதனை நடத்தியது. பிறந்த தேதி ஒற்றைப்படையாக இருந்தால் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். இரட்டைப்படை என்றால் ஐந்து நாளும் அலுவலகம்தான். நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட முடிவின்படி, வீட்டுச் சலுகை பெற்றவர்களிடையே வேலையை விட்டுப்போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும் நெடுந்தூரம் பயணம் செய்பவர்களிடமும் இது தெளிவாகத் தெரிந்தது. மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ அவர்கள் பின்தங்கவில்லை. மற்ற மூன்று நாளும் எல்லோரும் ஒன்றாக அலுவலகத்தில் இருந்ததை இங்கே கவனிக்க வேண்டும். ஆளுக்கொரு நாளைத் தேர்ந்துகொள்ளும் அலுவலகத்தில், ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்தவர், வராத சகாவுடன் வீடியோ அழைப்பில் பேசிவிட்டுத் திரும்புவார். அந்தப் பயணம் வீண்.

சென்னையில் கிடைத்த முடிவு வேறல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே டேட்டா என்ட்ரி ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து அட்கின், ஷோர், ஷிண்டே ஆகிய மூவர் செய்த ஆய்வில், வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தித்திறன் 18 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகத் தொழில் கற்றுக்கொண்டதால் வந்தது. ஆனால் அது முழுநேரமும் வீட்டிலிருந்தே செய்த வேலை. ஷாங்காயில் நடந்ததோ இரண்டு நாள் ஏற்பாடு. ஆகவே ஒன்றை வைத்து மற்றதை மறுக்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில மாதங்கள் அனுபவசாலிக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

அந்தச் சென்னை ஆய்வில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. வீட்டிலிருந்து வேலை பார்க்க விரும்பியவர்களுக்குத்தான் வீட்டில் உற்பத்தித்திறன் இழப்பு அதிகம்: 27 சதவீதம். அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு 13. குழந்தையையோ முதியவரையோ கவனிக்க வேண்டிய ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கேட்பதும், அதே காரணத்தால் அங்கே அவர் வேலை தடைபடுவதும் நடக்கக்கூடியதே. அப்படிப்பட்டவரிடம் ‘விருப்பம் உங்களுடையது’ என்று சொல்லிவிட்டு மனிதவளத் துறை கைகழுவிவிடக் கூடாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. மகப்பேறு விடுப்புக்குப் பின், வேலையின் தன்மை இடம்கொடுத்தால், வீட்டிலிருந்து பணிபுரிய ஒப்புக்கொள்ளவும் வழி வைத்தது. வருகைக் கணக்கைக் கறாராகக் கேட்கும் நிர்வாகம், முதலில் அந்தக் காப்பகத்தைத் திறந்திருக்க வேண்டும்.