பாட்டன் போடாத கால்சட்டை

தெற்கு பிரேசிலின் ப்ளூமெனாவ் நகரத்தில் அக்டோபர் வந்தால் ஆண்கள் தோல் கால்சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். முன்பக்கம் கதவுபோலத் திறந்து இறங்கும் மடிப்பு, மார்பில் குறுக்குப் பட்டையோடு தோள்வார், வலது தொடையில் கத்தி செருகச் சின்னப் பை. ஜெர்மனியிலிருந்து வந்த முன்னோர் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று பார்ப்பவர்கள் நம்பிவிடுகிறார்கள்.

அது உண்மையில்லை. ஹெர்மன் ப்ளூமெனாவ் 17 பேரோடு இங்கே குடியேற்றத்தைத் தொடங்கியது 1850-ல். அதில் ஒரு பகுதியாக இருந்த பொமரோடேவுக்கு வந்தவர்கள் பால்டிக் கடலோரப் பொமரேனியர்கள். தோல் கால்சட்டையோ நேரெதிர்த் திசையில், ஆல்ப்ஸ் மலையடிப் பவேரியாவுக்குச் சொந்தமானது. அங்கேயும் அது மறையத் தொடங்கியபோது, 1883-ல் பாய்ரிஷ்செல் ஊர் ஆசிரியர் யோசெஃப் ஃபோகல் சங்கம் அமைத்து மீட்டார். ப்ளூமெனாவின் இந்த அக்டோபர் விழா தொடங்கியது 1984-ல்தான், வெள்ளத்தில் நொடித்த ஊருக்குத் தெம்பூட்ட.

பொமரேனியக் கடலோரத்து ரூகன் தீவின் மீனவர்கள் போட்டது தொளதொளத்த வெள்ளை லினன் கால்சட்டை. ஊர்வலத்தின் அடையாளமாக நிற்பது அதுவல்ல.

விழா என்றால் கொண்டாட்டம், அதில் வரலாறு எதற்கு என்பவர்களும் உண்டு. ஆனால் இன்றைய விழாப் படம்தான் நாளை பேரப்பிள்ளைகளுக்கு ஆதாரமாகிறது.

போலியைக் கண்டுபிடிக்க வழி உண்டு: கால்சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லலாம். ஐரோப்பாவில் 1840-கள் வரை மடிப்புக் கதவுதான் பெருவழக்கு. பிறகு நடுவில் பித்தான் வரிசை வந்தது. ஜிப் பரவியது 1930-களில். விழாவுக்கென்று மலிவாகத் தைத்து விற்பவை சிலவற்றில் மடிப்பு வெறும் அலங்காரம், உள்ளே ஜிப்.

எனக்குப் பெரிய கவலை வேறு. பெண்களின் விசேஷ உடைகள் பெட்டியில் தங்கின. பொமரேனிய மணப்பெண்கள் கறுப்பு உடுத்திய வழக்கம் பிரேசிலில் இன்றும் நினைவில் இருக்கிறது. ஆண்களின் உழைப்புக் கால்சட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முழங்காலில் ஒட்டுப் போட்டார்கள், கிழிந்ததும் வெட்டி மகனுக்குத் தைத்தார்கள், கடைசியில் தரை துடைத்தார்கள். அருங்காட்சியகத்துக்குப் போக மிச்சமே இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பவேரியத் தோல் வந்து உட்கார்ந்துவிட்டது.

பழைய குடும்பங்களின் கல்யாணப் படங்கள் இன்னும் சுவரில் தொங்குகின்றன. அவற்றில் தாத்தாக்களின் இடுப்பும் பித்தானும் கால் விளிம்பும் தெரியும். தையல் தெரிந்த ஒருவர் வீடுவீடாகப் போய் அவற்றை அளந்து வரைந்து வைக்க வேண்டும், படங்கள் மங்குவதற்குள்.