சாவி யார் பாக்கெட்ல? டேனரி மெயின்டனன்ஸ் அப்ரன்டிஸ் பத்தி ஒரு எபிசோட்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு போன் கால்.

போன வருஷம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் சித்தி பையன் கூப்பிட்டான். ஐடிஐல ரெண்டு வருஷம் ஃபிட்டர் படிச்சு முடிச்சிருந்தான். "அண்ணா, ராணிப்பேட்டைல ஒரு டேனரில மெயின்டனன்ஸ் அப்ரன்டிஸா கூப்பிடுறாங்க. மாசம் ஏழாயிரத்துச் சொச்சம். பைக் எடுத்துட்டு சாப்பாடு டெலிவரி பண்ணா அதவிட ஜாஸ்தி வரும்னு பசங்க சொல்றாங்க. எதுக்குப் போகட்டும்?"

எனக்கு உடனே பதில் வரல. நான் வேலூர் பக்கம் வளர்ந்தவன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சிட்டு இப்போ சென்னைல கோட் எழுதறேன். பேரிங் படத்தை நாலு வருஷம் நோட்டுல வரைஞ்சிருக்கேன், ஒரு பேரிங்கைக் கூட என் கையால கழட்டினதில்ல. இவனுக்கு நான் என்ன அட்வைஸ் சொல்றது? அதனால முதல்ல சட்டத்தை எடுத்துப் படிச்சேன். அவன் சேர்ந்ததுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமைகள்ல அவன்கிட்ட கதை கேட்டேன். அந்த ரெண்டும் சேர்ந்ததுதான் இன்னைக்கு எபிசோட்.

அப்ரன்டிஸ்னா யாரு?

நம்மில் நிறைய பேர் அப்ரன்டிஸ்னா சம்பளம் கம்மியான தொழிலாளின்னு நினைச்சிட்டு இருக்கோம். 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டம் அப்படிச் சொல்லல. அப்ரன்டிஸ் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கு. அவருக்குக் கொடுக்கிறது சம்பளம் இல்ல, உதவித்தொகை. 2019-ல திருத்தின விதிகள்படி ஐடிஐ சான்றிதழ் இருக்கிறவங்களுக்கு அது மாசம் குறைந்தது 7,000 ரூபாய்னு ஆச்சு. 2016-ல தொடங்கின தேசிய அப்ரன்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்துல, உதவித்தொகையில கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரைக்கும், மத்திய அரசு ஏத்துக்கும்னு வச்சாங்க.

இங்க ஒரு கண்ணி இருக்கு. தொழிலாளி இல்லைன்னு சொன்னதும் தொழிலாளர் சட்டங்கள்ல பெரும்பாலானது அவனுக்கு இல்லாமப் போயிடும். ஆனா அதே சட்டம் சிலதைத் திருப்பியும் கொடுக்குது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பு, சுகாதார விதிகள் அப்ரன்டிஸுக்கும் உண்டு. பயிற்சியில அடிபட்டா நஷ்டஈடு உண்டு. அப்ரன்டிஸ் ஆலோசகர் என்கிற அரசு அதிகாரியோட அனுமதி இல்லாம ஓவர்டைம் வாங்கக் கூடாது. ஆபத்தான தொழில்கள்ல 18 வயசு ஆகாதவங்களைச் சேர்க்கக் கூடாது. அவன் என்னென்ன கத்துக்கிட்டான்னு நிறுவனம் பதிவு வச்சிருக்கணும். எல்லாத்துக்கும் மேல, ஒப்பந்தம் எழுதிப் பதிவு பண்ணியிருக்கணும்.

அதாவது இது ஒரு கொடுக்கல் வாங்கல். நீ குறைஞ்ச பணத்துக்கு வர்ற, அதுக்குப் பதிலா அவங்க உனக்குச் சொல்லித் தரணும். சொல்லித் தரலைன்னா நீ அப்ரன்டிஸ் இல்ல, மலிவா கிடைச்ச ஆள். அவ்வளவுதான்.

டேனரில அப்படி என்ன ரிப்பேர்?

பெங்களூரு ரயில்ல போறப்ப வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டும்போது மூக்கைப் பொத்தியிருப்பீங்க. அந்த வாசனைக்குப் பின்னாடி ஒரு பெரிய மெஷின் கூட்டமே இருக்கு. பழைய வேலூர் மாவட்டம் 2019-ல மூணாப் பிரிஞ்சது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போ திருப்பத்தூர் மாவட்டம், ராணிப்பேட்டை தனி மாவட்டம். பாலாறு மட்டும் பிரியல.

உப்பு போட்ட தோல் வரும். ஊற வைப்பாங்க. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியை எடுப்பாங்க. ஃபிளெஷிங் மெஷின் உள்பக்கத்துல ஒட்டியிருக்கிற சதையைச் சீவும். அப்புறம் பெரிய மர டிரம்ல போட்டு உப்பு, ஆசிட், குரோம் உப்புன்னு வரிசையாக் கொடுத்துச் சுத்துவாங்க. வெளிய வரும்போது தோல் வெளிர் நீலமா இருக்கும், அதனால 'வெட் புளூ'ன்னு பேரு. பிறகு தண்ணியைப் பிழியிற மெஷின், தடிமனைச் சீராக்குற ஷேவிங் மெஷின், காய வைக்கிற மெஷின்.

இதுல ஒவ்வொண்ணுக்கும் மோட்டார், கியர், பெல்ட், பேரிங் இருக்கு. எல்லாமே உப்பு, சுண்ணாம்பு, ஆசிட், ஈரம் நடுவுல ஓடுது. இரும்புக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. அதனால மெயின்டனன்ஸ் ஆளுக்கு ஓய்வே இருக்காது.

முதல் மாசம் இவனுக்குக் கொடுத்த வேலை கிரீஸ் கன். தினமும் ஒவ்வொரு பேரிங்கா கிரீஸ் வைக்கணும். "இதுக்காண்ணா ரெண்டு வருஷம் படிச்சேன்?"னு என்கிட்ட எரிஞ்சு விழுந்தான். அவனோட சீனியர் ஃபிட்டருக்கு அறுபது வயசு இருக்கும், எல்லாரும் பாய்னு கூப்பிடுறாங்க. ரெண்டாவது வாரம் அவர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஓடுற மோட்டாரோட பேரிங் மூடி மேல வச்சு, கைப்பிடியை இவன் காதுல வைக்கச் சொல்லியிருக்காரு. ஒரு பேரிங் 'ம்ம்ம்'னு ஒரே சீரா இருந்துச்சாம். அடுத்தது 'கரகர'. "இது இன்னும் கொஞ்ச நாள்தான். இப்பவே மாத்தினா ஒரு மணி நேர வேலை, ஓடும்போது போச்சுன்னா உள்ள இருக்கிற தோலும் போச்சு"ன்னாராம். தினமும் கிரீஸ் வைக்கச் சொன்னதே எல்லா பேரிங்கோட சத்தமும் இவனுக்குப் பழகணும்னுதான்.

நாங்க லட்சக்கணக்குல செலவு பண்ணி மானிட்டரிங் டாஷ்போர்டு வைக்கிறோம். பாய்கிட்ட ஸ்க்ரூ டிரைவர்.

பூட்டு, சாவி, ஸ்டார்ட் பட்டன்

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். மெயின்டனன்ஸ்ல முதல்ல கத்துக்க வேண்டியது மெஷினை ஓட வைக்கிறது இல்ல, நிறுத்துறது. நிறுத்தினது நின்னே இருக்கிற மாதிரி பண்றது.

ஒரு டிரம்முக்குள்ள ஆள் இறங்கியிருக்கான். பேனல் அந்தப் பக்கம் இருக்கு. ஷிஃப்ட் மாறி வந்தவருக்கு இது தெரியாது, பட்டனை அமுக்குறார். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு நான் விவரிக்க வேண்டியதில்ல. உலகம் முழுக்க இதுக்கு ஒரே வழிதான் வச்சிருக்காங்க. மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணு. அதுல உன் பூட்டைப் போடு. யார் வேலை பண்றாங்கன்னு பேர் எழுதின அட்டையை மாட்டு. சாவியை உன் பாக்கெட்ல வை, வேற யார்கிட்டயும் கொடுக்காத. கடைசியா, போய் ஸ்டார்ட் பட்டனை அமுக்கிப் பாரு. ஓடலைன்னா மட்டும் கையை வை.

இது மட்டும் போதாதுன்னு பாய் சொன்னாராம். பாதி லோடு இருக்கிற டிரம்ல கரண்ட் இல்லைன்னாலும், எடை ஒரு பக்கமா இருந்தா பிரேக்கை விட்டதும் தானா உருளும். அதனால கட்டை கொடுக்கணும். ஹைட்ராலிக்ல தூக்கின பிளேட்டுக்குக் கீழ முட்டு கொடுக்கணும். மோட்டார் நின்னா மெஷின் நின்னுடுச்சுன்னு நினைக்கிறது படிச்சவங்க பண்ற தப்பாம். என்னைத்தான் சொல்லியிருக்காரு.

நாங்க ஆபீஸ்ல "புரொடக்ஷன்ல கை வைக்காத"ன்னு சொல்லுவோம். அவனுக்கு அது நிஜமாவே கை.

குழி

ரெண்டாவது மாசம் நடந்தது இது. கழிவுநீர் சேருற குழியில பம்ப் அடைச்சுக்கிச்சு. தண்ணி ஏறிட்டே இருக்கு. சூப்பர்வைசர் இவனைப் பார்த்து, "தம்பி, ஒல்லியா இருக்க, சட்டுனு இறங்கி எடுத்துட்டு வா"ன்னாரு. இவன் ஏணியைப் பிடிச்சுட்டான்.

ஏன் அது ஆபத்துன்னு சொல்றேன். முடி எடுக்கிற தண்ணில சல்ஃபைடு இருக்கும். குரோம் தண்ணி ஆசிட் தன்மையா இருக்கும். ரெண்டும் ஒரே குழியில கலந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். காத்தைவிடக் கனம், அதனால அடியில தங்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அதிகமானா மூக்கு மரத்துடும், வாசனையே தெரியாது. "நாத்தம் இல்லையே"ன்னு இறங்குறவர்தான் மயங்கி விழுறார். அவரைத் தூக்க இன்னொருத்தர் இறங்குவார், அவரும் விழுவார். ஒரே குழியில ரெண்டு மூணு பேர் செத்தாங்கன்னு செய்தி வர்றதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பாய் ஓடி வந்து இவன் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்திருக்காரு. சூப்பர்வைசர்கிட்ட, "சார், பையன் கத்துக்க வந்திருக்கான். யாரும் இறங்க வேணாம், பம்ப் மேல வரட்டும்." செயின் பிளாக் கட்டி மேலருந்தே தூக்கினாங்க. மூணு மணி நேரம் ஆச்சு. புரொடக்ஷன் நின்னுச்சு, திட்டு விழுந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி அவன் எனக்குப் போன் பண்ணான். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "அண்ணா, எனக்கு முடியாதுன்னு சொல்லத் தோணவே இல்லண்ணா"ன்னான்.

அதே ராணிப்பேட்டைல 2015 ஜனவரி 31 அதிகாலை, சிப்காட்ல இருக்கிற பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல கசடு தேக்கின தொட்டியோட சுவர் இடிஞ்சது. பக்கத்து டேனரில தூங்கிட்டு இருந்த தொழிலாளர்கள் மேல கசடு பாய்ஞ்சு 10 பேர் இறந்தாங்க. 1996-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல, மாசுபடுத்தினவரே அதுக்கான செலவை ஏத்துக்கணும்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் இந்தப் பாலாத்துக்காகத்தான். பம்ப், தொட்டி, பைப், வால்வு. இதெல்லாம் மெயின்டனன்ஸ் ஆளோட லிஸ்ட்ல இருக்கிற சாதாரணப் பொருள்கள். சரியா பார்க்கலைன்னா ஆளும் போகும், ஆறும் போகும்.

அப்போ சேரலாமா?

இப்போ யாராவது கேட்டா நான் மூணு கேள்வி கேக்கச் சொல்லுவேன். ஒண்ணு, ஒப்பந்தம் அப்ரன்டிஸ் போர்ட்டல்ல பதிவாகி, ஒரு காப்பி உன் கையில இருக்கா? ரெண்டு, உனக்குச் சொல்லித் தர ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்காரா, அவர் பேர் உனக்குத் தெரியுமா? மூணு, மெஷினைத் திறக்கும்போது உன் பேர்ல ஒரு பூட்டு இருக்கா?

மூணுக்கும் ஆமான்னா, டெலிவரி காசை ஒரு வருஷம் விட்டுக்கொடுக்கலாம். முடிவுல அகில இந்தியத் தேர்வு எழுதி தேசிய அப்ரன்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். அந்தச் சான்றிதழ் வேற கம்பெனி, வேற ஊர்லயும் செல்லும். அதே கம்பெனில வேலை கிடைக்கும்னு சட்டம் உத்தரவாதம் தரல, அதையும் தெரிஞ்சுக்கிட்டே சேரணும். மூணாவதுக்கு மட்டும் இல்லைன்னு பதில் வந்தாலும் யோசிக்காம வெளிய வந்துடுங்க. பைக் ஓட்டுறதே மேல்.

தம்பி இன்னும் ரெண்டு மாசத்துல முடிக்கிறான். போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். எங்க வீட்டு மிக்ஸி சத்தம் போடுதுன்னு அம்மா சொன்னாங்க. நான் நேரா அதைத் திறக்கப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்டு, முதல்ல பிளக்கைப் பிடுங்கித் தன் பாக்கெட்டுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டான்.

உங்க வீட்ல ஐடிஐ முடிச்ச தம்பி, தங்கச்சி யாராவது இருந்தா இந்த எபிசோடை அனுப்புங்க. அந்த மூணு கேள்வியை மட்டுமாவது கேக்கட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.