முனைய உரைத்தொகுப்பியில் மாற்றி விசைகளும் செயல்விசைகளும்: கல்வெட்டுப் பாடப் பதிவை முன்வைத்து

முன்னுரை

புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களைத் தொகுத்து 1929ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டது. இத்தகைய பாடங்களைத் தூய உரைக்கோப்புகளாகப் பதிவதற்கு முனையத்தில் இயங்கும் விம், ஈமேக்ஸ் முதலிய உரைத்தொகுப்பிகள் ஏற்றவை. ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய மாற்றி விசைகளையும் செயல்விசைகளையும் அவை கையாளும் முறை பாடத்தின் நம்பகத்தன்மையோடு தொடர்புடையது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விசையும் பைட்டும்

வழக்கமான முனையத்தில் தொகுப்பி விசையை அறிவதில்லை; பைட்டுகளையே பெறுகிறது. கண்ட்ரோல் விசை தனக்கெனப் பைட்டு எதையும் அனுப்பாமல், உடன் அழுத்தப்படும் ஆங்கில எழுத்தைக் கட்டுப்பாட்டு எண்ணாக மாற்றுகிறது. கண்ட்ரோலுடன் ‘ஐ’ சேர்ந்தால் 9 கிடைக்கும். டேப் விசையின் எண்ணும் அதுவே. ஆகவே இவ்விரண்டையும் தொகுப்பியால் வேறுபடுத்த இயலாது. ஆல்ட் விசை பெரும்பாலும் எஸ்கேப் (27) என்னும் முன்னொட்டாக வருகிறது. செயல்விசைகளும் எஸ்கேப்பில் தொடங்கும் தொடர்களே. எஃப்5 விசைக்குப் பல முனையங்கள் எஸ்கேப்பை அடுத்து ‘[15~’ என அனுப்புகின்றன; ஷிப்ட் சேர்ந்தால் அது ‘[15;2~’ ஆகும். ஷிப்டுக்கு 1, ஆல்டுக்கு 2, கண்ட்ரோலுக்கு 4 எனக் கூட்டி, அதனுடன் 1 சேர்த்துப் பெறும் எண்ணே அரைப்புள்ளிக்குப் பின் வருவது.

தமிழ்99 விசைப்பலகை

தமிழ்99 முறையில் கிரந்த எழுத்துகள் ஷிப்ட் விசையுடன் அமைகின்றன. கல்வெட்டுகளின் தொடக்கத்தில் பயிலும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்பதற்கு 8 அழுத்தங்கள் தேவை. அவற்றுள் 3 ஷிப்டுடன் கூடியவை. தொகுப்பியை அடைபவை 11 ஒருங்குறிக் குறிகள், அதாவது யூ.டி.எஃப்-8 முறையில் 33 பைட்டுகள். ஷிப்ட் அழுத்தப்பட்ட தடயம் அவற்றில் இராது.

கட்டளைகளின் நிலை வேறு. ‘க’ என்னும் எழுத்துக்குக் கட்டுப்பாட்டு எண் இல்லை. எனவே இயங்குதளத்தில் தமிழ் விசைப்பலகை இருக்கும்போது, சில முனையங்கள் அவ்விசையின் ஆங்கில எழுத்தைக் கொள்ளும். பிறவற்றில் கட்டளை பயனற்றுப் போகும். இயங்குதள விசைப்பலகையை ஆங்கிலத்தில் வைத்து, தொகுப்பிக்குள்ளேயே தமிழுக்கு மாறுவது இதற்குத் தீர்வாகும். ஈமேக்ஸில் கண்ட்ரோலுடன் ‘\’ விசையும், விம்மில் கண்ட்ரோலுடன் ‘^’ விசையும் இதற்குரியவை. விம்மில் ஒருங்குறித் தமிழுக்கான விசைவரைபடத்தை முன்னரே அமைத்துக்கொள்ள வேண்டும்.

பாடத்தில் நேரும் பிழை

கல்வெட்டுப் பதிப்பில் சதுர அடைப்புக்குறி, சிதைந்த அல்லது ஐயத்திற்குரிய எழுத்தைச் சுட்டும். தொகுப்பி அறியாத செயல்விசைத் தொடரின் எச்சம் உரையில் புகுந்தால், ‘[’ என்னும் குறி பதிப்பாசிரியர் இட்டதாகவே தோன்றும். வலைப்பின்னல் வழிப் பணிபுரிகையில் எஸ்கேப் முன்னரும் எஞ்சிய பைட்டுகள் தாமதித்தும் வரலாம். அப்போது விம் எழுதும் நிலையிலிருந்து வெளியேறி, எஞ்சியவற்றைக் கட்டளைகளாகக் கொள்ளும்.

இதனைத் தவிர்க்க, முனைய வகையைக் குறிக்கும் சூழல்மாறி சரியாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும்; எஸ்கேப்புக்குப் பிந்தைய காத்திருப்பு நேரத்தை இணைப்பின் வேகத்திற்கேற்ப அமைக்க வேண்டும். லினக்ஸில் ‘கேட்’ கட்டளையைத் தொடங்கிச் செயல்விசையை அழுத்தினால், அது அனுப்பும் தொடர் திரையில் தெரியும்.

முடிவுரை

எழுத்துப்பிழையைக் கண்ணால் திருத்தலாம். பதிப்புக்குறியின் தோற்றம் கொண்ட பிழை எளிதில் புலப்படாது. ஆதலால் பதிவு முடிந்ததும் ‘[’ குறியை அடுத்து எண் வரும் இடங்களையும் ‘~’ குறி வரும் இடங்களையும் தேடி, கல்வெட்டுப் படியோடு ஒப்பிடுவது பாடச் சரிபார்ப்பின் ஒரு படிநிலையாக அமைய வேண்டும்.