கால் வலு மட்டும் போதாது

பார்க்கின்சன் நோயாளி தடுமாறினால் 'காலில் தெம்பில்லை' என்று வீட்டார் சொல்வதில் பாதிதான் உண்மை. தசை வலு குறைகிறது. கூடவே, உடல் சாயும்போது சட்டென்று காலை எடுத்துவைத்துச் சுதாரிக்கும் அனிச்சைச் செயலும் மந்தமாகிறது. இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரை நடைவேகத்தைக் கூட்டும் அளவுக்கு இந்த அனிச்சைச் செயலைச் சரிசெய்வதில்லை. ஆகவே சமநிலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் ஓரிகனில் 195 நோயாளிகளிடம் 24 வாரம் நடந்து, 2012இல் வெளியான ஆய்வில், எடையை மெல்ல மாற்றிக் கால்வைக்கும் தாய்ச்சி பழகியவர்கள், தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். அதே ஆய்வில் இருந்த வலுப்பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் விழுவதில் திட்டமான வித்தியாசம் இல்லையே எனலாம். சரிதான், சமநிலையில் தாய்ச்சி முந்தினாலும் வலுவைக் கைவிட முடியாது. பயிற்சியிலேயே விழுந்துவிட்டால்? நியாயமான பயம். ஆனால் நாற்காலியோடு முடக்கினால் கால் இன்னும் சோரும். பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, மாத்திரை நன்றாக வேலைசெய்யும் நேரத்தில், பிடிமானத்தோடு தொடங்கலாம்.