'எழுது' என்றால் என்ன பொருள்?

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் ஆசிரியை "எழுதுங்கள்" என்றதும் பத்துக் கைகள் உயரும். "டீச்சர், புதுப் பக்கத்திலா? பழசை அழிச்சிட்டா?" கேட்டுத் தெளிந்த பிறகுதான் பென்சில் தாளில் படும். கேள்வியே கேட்காத ஒரு மாணவனிடம் அதே சொல்லைச் சொன்னால் என்ன ஆகும் என்பதை என் இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தில் பட்டறிந்தேன்.

பால்மரம் வெட்டிய என் பாட்டி பேசும் தோட்டச் சொற்களைத் தொகுப்பதே அத்திட்டம். மங்கு, பெரட்டு, ஒட்டுப்பால், கங்காணி என்று மூன்று வார இறுதிகளில் பாட்டி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து ஒரே கோப்பில் வைத்திருந்தேன். அவற்றை ஒழுங்குபடுத்த ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரை உருவாக்கி, கோப்பில் எழுதுவதற்கான கருவியையும் நானே எழுதிக் கொடுத்தேன். அக்கருவிக்கு நான் தந்த விளக்கம் இரண்டே சொற்கள்: "கோப்பில் எழுதும்."

ஒருநாள் "இந்த மூன்று சொற்களையும் சேர்த்துவிடு" என்றேன். "சேர்த்துவிட்டேன்" என்று பதில் வந்தது. மாலையில் திறந்து பார்த்தால் கோப்பில் அந்த மூன்று சொற்கள் மட்டுமே இருந்தன. நகல் எதுவும் எடுத்து வைக்கவில்லை.

தவறு யாருடையது?

மொழி மாதிரி தானாக வன்தட்டைத் தொடுவதில்லை. 'இந்தக் கருவியை, இந்தப் பாதையில், இந்த உள்ளடக்கத்துடன் இயக்கு' என்று ஒரு கோரிக்கையை மட்டுமே அது எழுதித் தருகிறது. நாம் எழுதிய நிரல்தான் அதை நிறைவேற்றுகிறது. நிரலின் உட்புறம் பொதுவாக மாதிரியின் கண்ணில் படுவதில்லை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவையே அதற்குத் தெரிந்தவை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறையிலும் கருவிகள் இவ்வாறே அறிமுகப்படுத்தப்படுகின்றன. ஆகவே, விளக்கக் குறிப்பு என்பது வேலை முடிந்தபின் ஒப்புக்கு எழுதும் தாள் அன்று. அதுவும் கருவியின் ஓர் உறுப்பு.

என் நிரல் பைத்தான் மொழியின் 'டபிள்யூ' முறையில் கோப்பைத் திறந்தது. அம்முறை பழைய உள்ளடக்கத்தை முழுவதும் அழித்துவிட்டே எழுதத் தொடங்கும். 'ஏ' முறை இறுதியில் சேர்க்கும். 'எக்ஸ்' முறையோ, அப்பெயரில் கோப்பு இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். 'எழுதும்' என்ற ஒரு சொல் இம்மூன்றுக்கும் பொருந்தும். எது என்று நான் சொல்லவில்லை.

திருத்திய விளக்கம்

இப்போது அதே கருவிக்கு நான் எழுதியிருப்பது இது:

"கொடுக்கப்பட்ட பாதையில் ஓர் உரைக் கோப்பை எழுதும். அப்பெயரில் கோப்பு இருந்தால் பழைய உள்ளடக்கம் முழுவதும் அழியும், மீட்க முடியாது. இருக்கும் கோப்பில் வரிகளைச் சேர்க்க இதைப் பயன்படுத்தாதே. அதற்குக் 'கோப்பில் சேர்' கருவி உள்ளது. பாதை, திட்டக் கோப்புறைக்குள் இருக்க வேண்டும். இல்லாத கோப்புறையை இது உருவாக்காது. குறியாக்கம் யூடிஎஃப்-8."

குறியாக்கத்தை ஏன் சொல்ல வேண்டும்? யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு போதும். யூனிகோடின் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் தேவை. 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட்டுகள். கோப்பின் அளவுக்கு வரம்பு வைத்தால், அது பைட்டிலா எழுத்திலா என்பதையும் குறிப்பிட வேண்டும். இல்லையேல் தமிழ்க் கோப்பு பாதியில் அறுபடும்.

கருவி திருப்பித் தரும் செய்தியும் விளக்கத்தின் தொடர்ச்சியே. முன்பு என் கருவி "சரி" என்று மட்டும் சொன்னது. இப்போது, "பழைய கோப்பு அழிக்கப்பட்டது, முன்பு இத்தனை வரி, இப்போது இத்தனை வரி" என்கிறது. அன்றே இப்படிச் சொல்லியிருந்தால், முகவர் "சேர்த்துவிட்டேன்" என்று கூறியிருக்க வாய்ப்புக் குறைவு.

ஒன்றை மறக்கலாகாது. விளக்கம் வழிகாட்டுமே தவிர, பூட்டாகாது. மாதிரி அதை மீறவும் கூடும். எனவே, படிக்காத கோப்பை மாற்ற மறுப்பது, எழுதுமுன் நகல் எடுப்பது, தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்த பின்னரே பெயர் மாற்றுவது ஆகியவற்றை நிரலே செய்ய வேண்டும்.

மறுபடியும் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். பெரும்பாலான சொற்கள் திரும்பி வந்தன. சில வரவில்லை. "அன்னிக்குச் சொன்னேனே, இப்ப ஞாபகம் இல்லய்யா" என்றார்.

கருவி செய்யும் தம்பி தங்கையரே, உங்கள் கருவி எதைச் செய்யும் என்று எழுதுங்கள். எதை அழிக்கும் என்பதை அதற்கும் முன்னால் எழுதுங்கள்.