வீங்கிய இடத்தில் நோய் இல்லை

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் எழுபது கிலோமீட்டர். வேலூர் அதில் பாதிதான். அதனால் சித்தூர்க்காரர்களுக்கு நோய் முற்றினால் போக இரண்டு திசைகள் உண்டு. ஒன்று, திருப்பதி அலிபிரி சாலையில் இருக்கும் ருயா அரசு மருத்துவமனையும் தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் மருத்துவமனையும். இன்னொன்று, எல்லை தாண்டி வேலூர் சி.எம்.சி. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு வழி சொல்ல ஆள் உண்டு. ‘வெளிக்கி சரியாகப் போகவில்லை’ என்பதற்காக மட்டும் யாரும் அவ்வளவு சீக்கிரம் பஸ் ஏறுவதில்லை. கடுக்காய்ப் பொடி, இசப்கோல், விளக்கெண்ணெய், மாத்திரை, கடைசியில் எனிமா என்று மருந்துக்கடையோடு முடித்துக்கொள்கிறார்கள். பாதிக் காரணம் வெட்கம்.

பெரும்பாலோருக்கு இது போதும்தான். போதாதவர்களில் மிகச் சிலருக்கு இருப்பது பிறவிக் கோளாறு: ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். ஏறக்குறைய 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. பெண்களைவிட ஆண்களுக்கு நான்கு மடங்கு அதிகம். கருவின் ஐந்தாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரத்துக்குள் நரம்பு செல்கள் உணவுக்குழாயில் தொடங்கி ஆசனவாய் வரை குடல் சுவரில் இறங்கிக் குடியேற வேண்டும். இந்தக் குழந்தைகளில் அவை கடைசி வரை போய்ச் சேராமல் வழியிலேயே நின்றுவிடுகின்றன. ரெட் என்ற மரபணுவில் 1994-இல் அடையாளம் காணப்பட்ட பிழை இதற்கு ஒரு முக்கியக் காரணம். செல்கள் இல்லாத கடைசித் துண்டு, தளரத் தெரியாமல் எப்போதும் இறுகியே இருக்கும். மேலிருந்து வரும் மலம் அங்கே முட்டி நிற்க, அதற்கு மேலுள்ள குடல் ஊதிப் பெருக்கும்.

டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங், ஒரு வயதுகூட நிரம்பாமல் இறந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி 1886-இல் பெர்லினில் விவரித்தார். அவர் கண்ணில் பட்டது அந்தப் பெருத்த குடல். பிறகு வந்தவர்களுக்கும் அதுவே பட்டது. கடைக்கோடியில் நரம்பு செல்கள் குறைந்திருப்பதை 1901-லேயே டிட்டெல் என்பவர் எழுதியும் அது எடுபடவில்லை. பல பத்தாண்டுகள் வீங்கிய பகுதியையே வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூடிக் கிடக்கும் ரயில்வே கேட்டை விட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் லாரிகளை அப்புறப்படுத்துவதைப் போல.

பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஆர்வார் ஸ்வென்சன் ஒன்றைக் கவனித்தார். வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளியே திறந்துவிட்டால் பிள்ளைகள் தேறினார்கள். துளையை மூடியதும் பழைய கதை திரும்பியது. அப்படியானால் மேல்குடலில் பழுதில்லை. குடலுக்குள் பலூன் செலுத்தி அசைவைப் பதிவுசெய்தபோது, குறுகிய கடைசிப் பகுதியில் அலை வந்து சேரவே இல்லை. அந்தத் துண்டை நீக்கி, நல்ல குடலை ஆசனவாய் வரை இழுத்துத் தைக்கும் முறையை 1948-இல் வெளியிட்டார். 103 வயது வரை வாழ்ந்து 2012-இல் மறைந்தார்.

பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே பிடிபடும் நோய் இருபது, முப்பது வயது வரை எப்படி ஒளிந்திருக்கிறது? செல்கள் இல்லாத துண்டு சிறியதாக இருப்பதால். மேலுள்ள குடல் தசை தடித்து, பலம் கூட்டி, எப்படியோ தள்ளிவிடுகிறது. அதோடு நம் வீடுகளின் கைவைத்தியமும் துணை செய்கிறது. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்துக் குழந்தையின் ஆசனவாயில் வைக்கும் பழக்கம் தமிழ் வீட்டிலும் உண்டு, தெலுங்கு வீட்டிலும் உண்டு. இந்த நோயிலும் அதற்குப் பலன் கிடைப்பதுதான் சங்கடம். காம்பு உள்ளே போய் வெளியே வந்ததும் காற்றும் மலமும் பீறிட்டு வரும், வயிறு வடியும், பாட்டி நிம்மதியடைவாள். அடுத்து எனிமா, அடுத்து மாத்திரை. ஒவ்வொரு தற்காலிக நிவாரணமும் நோயை இன்னும் சில ஆண்டுகள் மறைத்து வைக்கும். ஒருநாள் தசை ஓய்ந்துபோகிறது, அல்லது பெருத்த குடல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது. அப்போது அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

ஆகவே எந்த ஸ்கேனுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

“எத்தனை நாளா இருக்கு?”

“சின்னதுல இருந்தே சார்.”

“சின்னதுன்னா?”

“அதை அம்மாவைத்தான் கேக்கணும்.”

கேட்கவேண்டியதும் அம்மாவைத்தான். நிறைமாதக் குழந்தை பிறந்து 48 மணி நேரத்துக்குள் அநேகமாக முதல் மலமான காட்டுப்பீயைக் கழித்துவிடும். கழித்ததா, தாமதித்ததா என்பது தாய்க்கோ பாட்டிக்கோதான் தெரியும். வளர்ந்த ஆண்பிள்ளை இந்த விஷயத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் வருவதில்லை. வந்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும் என்பது என் கருத்து.

மீதிப் பாதியில் டாக்டரின் விரல் பேசும். சாதாரண நாள்பட்ட மலச்சிக்கலில் மலக்குடல் கெட்டி மலத்தால் நிறைந்திருக்கும். இந்த நோயிலோ வயிறு பானையாக இருக்க, மலக்குடல் வெறுமையாக இருக்கும். பேரியம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் கீழே ஒடுங்கி மேலே அகலும் புனல் வடிவம் தெரியும். பிறகு மானோமெட்ரி: மலக்குடலில் சிறு பலூனை ஊதினால் உட்புறச் சுருக்குத்தசை தானாகத் தளர வேண்டும். தளர்ந்தால் இந்த நோயில்லை என்று அநேகமாகச் சொல்லிவிடலாம்.

முடிவாகச் சொல்வது பயாப்ஸிதான். பெரியவர்களுக்கு மேலோட்டமாகக் கிள்ளினால் பெரும்பாலும் போதாது. சுவரின் முழுத் தடிமனுக்கும் எடுக்க வேண்டும். ஆசனவாய்க்கு வெகு அருகில் எடுத்தாலும் தவறாகிவிடும். அங்கே நலமானவர்களுக்கே இந்த செல்கள் குறைவு. பிறகு நோய்க்கூற்று மருத்துவர் சீவல் சீவலாக மைக்ராஸ்கோப்பில் தேடுவார். ஒன்றே ஒன்று தென்பட்டாலும் முடிவு மாறிவிடும். ஒரு பொருள் இல்லை என்று கையெழுத்திடுவதற்கு அவ்வளவு பொறுமை வேண்டும்.

சிகிச்சை அறுவைதான். இல்லாத செல்களைப் பேதி மருந்து உண்டாக்காது. பெரியவர்களுக்குப் பலரும் தேர்ந்தெடுப்பது, பிரான்ஸின் டுஹாமெல் 1956-இல் வகுத்த முறை. மலக்குடலை அப்படியே விட்டு, நல்ல குடலை அதன் பின்புறமாக இறக்கி இரண்டையும் இணைப்பார்கள். முன்புறத்தைத் தொடாததால் சிறுநீர்ப்பைக்கும் ஆண்மைக்கும் போகும் நரம்புகள் பெரும்பாலும் தப்புகின்றன. இளைஞர்கள் கேட்கத் தயங்கும் கேள்விக்கு இதில் பதில் இருப்பதால் டாக்டரே முந்திச் சொல்லிவிடுவது நல்லது. குடல் மிகவும் பெருத்திருந்தால் முதலில் வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளியே திறந்துவிட்டு (கொலஸ்டமி), சில மாதங்கள் சுருங்க விட்டு, பிறகு இழுத்து இணைப்பார்கள். அந்த மாதங்களில் வயிற்றில் பையோடு வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

இணைத்த பிறகு, வாரம் ஒருமுறை போனவர் நாளுக்கு ஐந்தாறு முறை போவார். சில மாதங்களில் அது குறையும். காய்ச்சலோடு வயிறு உப்பி, துர்நாற்றத்துடன் கழிச்சல் கண்டால் மட்டும் மருந்துக்கடைக்குப் போகக் கூடாது. அது குடல் அழற்சியாக இருக்கலாம்; அறுவைக்குப் பிறகும் அது வரக்கூடும். அன்றைக்கே மருத்துவமனையில் காட்ட வேண்டும்.