பாதி படித்த நாவலைப் பற்றிப் பேசினால் மூளையில் என்ன நடக்கிறது?

1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளியானது. மழை கொட்டும் மாலையில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, நேர்ந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, களங்கம் கழுவப்பட்டுவிட்டது என்று மகளை அணைத்துக்கொள்கிறாள். சில பக்கங்களே உள்ள சிறுகதைதான். ஆனால் அதைப் படித்த தமிழ்நாடு இரண்டாகப் பிரிந்து நின்றது. அந்தத் தாய் செய்தது சரி என்றார்கள் ஒரு பக்கம். இதை எப்படி எழுதலாம் என்று கொதித்தார்கள் மறுபக்கம். வேறு முடிவு வைத்துக் கதை எழுதிப் பார்த்தவர்களும் உண்டு.

அந்த வாதங்களுக்கெல்லாம் ஜெயகாந்தன் ஒரு நாவலாகவே பதில் சொன்னார். அதே பெண், ஆனால் இந்த முறை வீட்டில் விஷயம் ஊரறிய வெடித்துவிடுகிறது. தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று புத்தகமான அந்த நாவலுக்கு 1972-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வாசகர்கள் வாய்விட்டுப் பேசியதால் தமிழுக்கு ஒரு பெரிய நாவல் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அச்சில் இருப்பது ஒரே கதை, ஒரே சொற்கள். பிறகு ஏன் ஒருவருக்குத் தாய் தெய்வமாகவும் இன்னொருவருக்குக் குற்றவாளியாகவும் தெரிகிறாள்? இருவரும் உட்கார்ந்து பேசினால் ஏதாவது மாறுமா? இலக்கியக் கூட்டங்களில் மட்டும் கேட்கப்பட்டுவந்த இந்தக் கேள்விகளை இப்போது நரம்பியல் ஆய்வுக்கூடங்களும் கேட்கின்றன.

ஒரே கதை, இரண்டு தடம்

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனும் அவருடைய குழுவினரும் செய்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. ஜே.டி. சாலிஞ்சரின் சிறுகதை ஒன்றைச் சற்றே மாற்றி, ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்கு ஒலிவடிவில் கேட்கக் கொடுத்தார்கள். நள்ளிரவில் ஒருவன் நண்பனுக்குத் தொலைபேசியில் அழைத்து, வீடு திரும்பாத மனைவியைப் பற்றிப் புலம்புகிறான், அவ்வளவுதான் கதை. கேட்பதற்கு முன்பு பாதிப் பேரிடம், அந்த மனைவிக்கும் நண்பனுக்கும் ரகசிய உறவு இருப்பதாகச் சொல்லிவைத்தார்கள். மீதிப் பேரிடம், கணவன் வீண் சந்தேகக்காரன், மனைவி மேல் தவறில்லை என்றார்கள்.

ஒலியை வாங்கும் மூளைப் பகுதிகள் எல்லோருக்கும் ஒன்றுபோலவே இயங்கின. பொருள் கோக்கும் மேல்நிலைப் பகுதிகளில்தான் வேறுபாடு தெரிந்தது. ஒரே முன்தகவலைக் கேட்டவர்களின் மூளைகள் ஒத்த தடத்தில் சென்றன. மற்ற அணியினரின் தடம் விலகியிருந்தது. ஒருவர் கதையை எந்தக் கோணத்தில் புரிந்துகொண்டார் என்பதை மூளைப் பதிவைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிட முடிந்தது. கருத்து வேறுபாடு, படித்து முடித்த பிறகு வாயில் பிறப்பதில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே தலைக்குள் இரண்டு கதைகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன.

ஆய்வுக்கூடத்தில் ஒற்றை வாக்கியம் செய்த வேலையை, வெளியே ஒருவருடைய ஊரும் குடும்பமும் வளர்ப்பும் செய்கின்றன. மதுரையின் அறுநூறு ஆண்டு வரலாற்றைச் சொல்லும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008-ல் வெளிவந்தது; 2011-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் இந்த நாவலில் காவலும் களவும் ஒரு சமூகத்தின் வாழ்க்கையாக விரிகின்றன. உசிலம்பட்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் இதைக் கையில் எடுக்கும்போது, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவும், அதை எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும் தாத்தா பாட்டி சொன்ன செய்திகளாக அவருக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு வெளிவீதிகள் எப்படி உருவாகின என்று தேடும் நகரவாசிக்கு அதே பக்கங்கள் வேறொரு நாவல். இருவரில் யார் படித்தது தவறு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் படித்தது மற்றவருக்குத் தெரியாமலே போனால் இருவருக்கும் நட்டம்.

தெரியாததை நழுவவிடும் நினைவு

இந்த நட்டம் எப்படி நேர்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியான ‘நினைவுகூர்தல்’ என்னும் நூலில் விளக்கினார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டுவிட்டுத் திருப்பி எழுதச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை சுருங்கியது. அவர்களுக்குப் பழக்கமில்லாத ஆவிகளும் நிகழ்ச்சிகளும் நழுவின; ஓடம் அவர்களுக்குத் தெரிந்த படகாக மாறியது. தங்கள் ஊர் நியாயத்துக்குப் பொருந்தாத இடங்களை அவர்கள் அறியாமலே சரிசெய்துகொண்டார்கள்.

தனியாகப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இது நடக்கிறது. புரியாத பகுதியை மனம் தாண்டிப் போகும். தாண்டியதே நினைவில் இருக்காது. பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டினால்தான் அது திரும்பிவரும். நாவலைப் பற்றிப் பேசுவதன் முதல் பயன், தீர்ப்பு வழங்குவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது: விட்டுப்போனவை கண்ணில் படுகின்றன.

இரண்டாவது பயன் நினைவாற்றல் சார்ந்தது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பத்தியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, ஒரு முறை பார்க்காமல் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்தவர்களுக்கு 42 சதவீதமும், நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதமும் நினைவில் இருந்தது. அங்கே கொடுக்கப்பட்டவை அறிவியல் பத்திகள். ஆனாலும் வழிமுறை ஒன்றுதான். நேற்று படித்த அத்தியாயத்தை நண்பருக்குச் சொல்வதும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பதுதானே.

பேச்சு மூளைகளை நெருங்கவைக்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வை போ சீவர்ஸ், தாலியா வீட்லி ஆகியோர் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் செய்தார்கள். 2024-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்தது. மாணவர்களுக்கு அவர்கள் பார்த்திராத படங்களிலிருந்து, பொருள் தெளிவாகத் தெரியாத காட்சித் துண்டுகளைக் காட்டினார்கள். பிறகு சிறு குழுக்களாக உட்காரவைத்து, அங்கே என்ன நடக்கிறது என்று பேசி ஒரு முடிவுக்கு வரச் சொன்னார்கள். பேச்சு முடிந்து ஸ்கேன் எடுத்தபோது, ஒரே குழுவில் இருந்தவர்களின் மூளை இயக்கம் முன்பைவிட ஒத்துப்போனது. அதே படங்களிலிருந்து, குழுவில் பேசப்படாத புதிய காட்சிகளைப் பார்த்தபோதும் அந்த ஒற்றுமை நீடித்தது. பேச்சு, அடுத்த அத்தியாயத்தைப் பார்க்கும் பார்வையையும் மாற்றுகிறது.

இந்த ஆய்வில் தமிழ் வாசகர் வட்டங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய முடிவு இன்னொன்று. பெரிய மனிதராகக் கருதப்பட்ட ஒருவர் அதிகமாகப் பேசி மற்றவர்களை அடக்கிய குழுக்களில் மூளைகள் அவ்வளவாக நெருங்கவில்லை. வாயளவில் எல்லோரும் தலையாட்டியிருக்கலாம். உள்ளே மாற்றம் நிகழவில்லை. நண்பர் வட்டம் பெரிதாக உள்ளவர்கள் மற்றவர்களைப் பேசவிட்டார்கள், தாங்களும் மாறினார்கள். அவர்கள் இருந்த குழுக்களே அதிகம் நெருங்கின. மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்து ஒரு மணி நேரம் முழங்க, மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கலைந்துபோகும் நம்முடைய நூல் அறிமுக விழாக்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

முடிவு தெரிந்தால் சுவை போகுமா?

பாதி படித்த நாவலைப் பற்றிப் பேசப் பலர் தயங்குவதற்குக் காரணம், யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனதன் லெவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 12 சிறுகதைகளைக் கொண்டு இதைச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள், துப்பறியும் கதைகளைக்கூடக் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். பிற்கால ஆய்வுகள் சில இதற்கு மாறான முடிவையும் தந்தன. எனவே எல்லாக் கதைகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது.

தமிழ் வாசகர்களின் பட்டறிவோ, முடிவு தெரிந்தால் சுவை போய்விடாது என்றே சொல்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுவான் என்பது வரலாறு தெரிந்தவர்களுக்கு முன்பே தெரிந்த செய்தி. அது தெரிந்ததால் யாரும் தொடரை நிறுத்திவிடவில்லை. கொன்றது யார் என்பதைக் கல்கி மங்கலாகவே விட்டுவைத்ததால், எழுபது ஆண்டுகள் கழித்தும் நந்தினியா, ரவிதாசனா, பெரிய பழுவேட்டரையரா என்ற வாதம் ஓயவில்லை.

தொடர்கதைக் காலம் ஒரு வசதியைக் கொடுத்திருந்தது. ஊரே ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தில் நின்றது. இந்தப் பழக்கம் மதுரைச் சீமைக்கு மிகப் பழையது. வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமய்யர், மதுரை ஜில்லாவின் சிறுகுளம் என்ற கற்பனைக் கிராமத்தை வைத்து எழுதிய ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் மாதந்தோறும் வந்தது. பின்னாளில் கல்கியில் வந்த நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மல’ரில், திருப்பரங்குன்றத்துப் பூரணியும் அச்சகத்தில் வேலை பார்க்கும் அரவிந்தனும் வாசகர் வீட்டு மனிதர்களாகவே ஆனார்கள். பிறந்த குழந்தைகளுக்கு அந்தப் பெயர்களைச் சூட்டியவர்கள் ஏராளம்.

மிகைப்படுத்தக் கூடாத இடம்

நாவல் படித்தால் மனிதர் நல்லவராகிவிடுவார் என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் டேவிட் கிட்டும் இமானுவேல் கஸ்டானோவும், தரமான புனைவைச் சிறிது நேரம் படித்தாலே பிறர் மனநிலையை ஊகிக்கும் திறன் கூடுகிறது என்று எழுதியபோது உலகமே மகிழ்ந்தது. ஆனால் பிற ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 14 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய 2018-ம் ஆண்டுத் தொகுப்பாய்வு, புனைவு வாசிப்பால் பயன் உண்டு, ஆனால் அது மிகச் சிறியது என்றது. புத்தகத்தைப் பிரித்த மாத்திரத்தில் இரக்கம் சுரந்துவிடாது. மற்றவர் எப்படிப் படித்தார் என்று காதுகொடுத்துக் கேட்பதற்குத் தனி முயற்சி வேண்டும்.

மதுரையில் அதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாண்டித்துரைத் தேவர் 1901-ல் தமிழ்ச் சங்கம் நிறுவிய ஊர் இது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமான தமுஎகச 1975-ல் உருவானது இங்கேதான். தமுக்கம் மைதானப் புத்தகத் திருவிழாவில் கூட்டம் நெரிகிறது. 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டது.

இனி வேண்டியது பேச்சுக்கான ஏற்பாடு. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி கிளை நூலகங்களிலும் கல்லூரிகளிலும் மாதம் ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து, இந்த வாரம் இத்தனை அத்தியாயம் என்று எல்லைவைத்துப் படிக்கலாம். அந்த எல்லையைத் தாண்டி யாரும் பேசக் கூடாது என்று விதி வைத்தால் முடிவு தெரிந்துவிடும் பயம் இருக்காது. ஆறேழு பேர் போதும். வட்டமாக உட்கார்ந்து, எழுத்தாளரோ பேராசிரியரோ வந்திருந்தால் அவரைக் கடைசியாகப் பேசவிட்டு, முதல் முறை நாவல் படிக்கும் பிள்ளையை முதலில் பேசச் சொல்லுங்கள். இப்போது உங்கள் கையில் எந்த நாவல் பாதியில் இருந்தாலும் சரி, முடிக்கும்வரை காத்திருக்காமல் இன்றே அதை ஒருவரிடம் சொல்லத் தொடங்குங்கள்.